பைதானில் நினைத்த பண்பை ஆப்ஜெக்டில் ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூப், ஃபங்ஷன், கிளாஸ் வரை பைதான் பழகியவர்களுக்காக எழுதியது இது. உதாரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: பழைய பொருட்களை விற்கும் ஒரு தளம். கைபேசி என்றால் மெமரி அளவைச் சொல்ல வேண்டும், பட்டுப்புடவை என்றால் ஜரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பைக் என்றால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்ல வேண்டும். விலை மட்டும்தான் எல்லாவற்றுக்கும் பொது. பைதானின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு வரும் பெயர்களை, நாம் வாயால் சொல்வதுபோல 'டண்டர்' போட்டுக் குறிக்கிறேன்.

ஆப்ஜெக்ட்() என்று ஒன்றை உருவாக்கி அதில் விலையை வைக்கப் போனால் அட்ரிபியூட் எரர் வருகிறதே, ஏன்?

எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. பைதானில் எல்லாக் கிளாஸுக்கும் மூதாதை 'ஆப்ஜெக்ட்'தான். ஆனால் அதை நேரடியாக அழைத்து உருவாக்கும் பொருளுக்கு 'டண்டர் டிக்ட்' கிடையாது. ஒரு பொருளின் பண்புகளைப் பெயரோடு சேமித்து வைக்கும் டிக்ஷனரிதான் டண்டர் டிக்ட். அது இல்லாவிட்டால் புதிய பண்பை வைக்க இடமே இல்லை. முழு எண், ஸ்ட்ரிங், லிஸ்ட் ஆகியவற்றிலும் இதே கதைதான். கோடிக்கணக்கில் உருவாகும் சிறு பொருட்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்ஷனரியைக் கட்டிவிட்டால் மெமரி தாங்காது.

நீங்களே ஒரு கிளாஸ் எழுதினால், உள்ளே வெறும் 'பாஸ்' மட்டும் இருந்தாலும், அதிலிருந்து வரும் பொருளுக்கு டண்டர் டிக்ட் கிடைத்துவிடும். அதன்பின் எதையும் ஒட்டலாம்.

ஃபங்ஷன்களிலும் ஒட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2001-இல் வந்த பைதான் 2.1 முதல் அந்த வசதி இருக்கிறது. அதற்காக ஃபங்ஷனைத் தரவுப் பெட்டியாகப் பயன்படுத்தாதீர்கள். பின்னால் படிக்கிறவர் உங்களைத் திட்டுவார்.

இதற்காக ஒவ்வொரு முறையும் வெற்றுக் கிளாஸ் எழுத வேண்டுமா?

வேண்டாம். 'டைப்ஸ்' மாட்யூலில் சிம்பிள்நேம்ஸ்பேஸ் இருக்கிறது. 2012-இல் வந்த பைதான் 3.3-இல் சேர்ந்தது. அதே பதிப்பில் 'சிஸ்' மாட்யூலுக்குள் வந்த 'இம்ப்ளிமென்டேஷன்' என்ற தகவல் பொருளும் இதே வகைதான்.

பொருள் = சிம்பிள்நேம்ஸ்பேஸ்(பெயர்="பட்டுப்புடவை", விலை=4500)
பொருள்.ஜரிகை = "வெள்ளி"

அவ்வளவுதான். வெற்றுக் கிளாஸைவிட இதில் இரண்டு லாபம். பிரிண்ட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். வெற்றுக் கிளாஸ் என்றால் ஒரு மெமரி முகவரிதான் வந்து நிற்கும். இரண்டு பொருட்களை ஒப்பிட்டால் அவற்றின் பண்புகளை வைத்து ஒப்பிடும். இந்த இரண்டாவது லாபத்துக்கு ஒரு விலை உண்டு: சிம்பிள்நேம்ஸ்பேஸை செட்டில் போடவோ டிக்ஷனரியின் கீயாக வைக்கவோ முடியாது.

ஆர்க்பார்ஸ் பயன்படுத்தியிருந்தால் இந்த மாதிரிப் பொருளை ஏற்கெனவே கையாண்டிருக்கிறீர்கள். கட்டளை வரியை அலசி அது திருப்பித் தரும் 'நேம்ஸ்பேஸ்' இதே சாயல்தான்.

டிக்ஷனரி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? சதுர அடைப்பும் மேற்கோள் குறியும் போட சோம்பலா?

பாதி சோம்பல்தான், மறுக்க முடியாது. ஆனால் மீதிப் பாதியில் ஒரு நியாயம் இருக்கிறது.

எதைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் பெயர் நிரலுக்குச் சொந்தமா, தரவுக்குச் சொந்தமா? 'பொருள்.விலை' என்று நிரலில் நீங்களே கைப்பட எழுதுகிறீர்கள். விலை இல்லாமல் உங்கள் தளமே இல்லை. அந்தப் பெயர் நிரலின் ஒரு பகுதி, அதற்குப் புள்ளி பொருத்தம். மாறாக, விற்பவரே பண்பின் பெயரையும் டைப் செய்து சேர்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 'வாங்கிய கடை' என்று சேர்ப்பார், இன்னொருவர் 'எத்தனை முறை கட்டியது' என்று சேர்ப்பார். இந்தப் பெயர்கள் நிரலில் எங்கும் இருக்காது. லூப் போட்டு எடுத்துக் காட்டுவதைத் தவிர அவற்றை வைத்து நீங்கள் எதுவும் செய்யப் போவதில்லை. அவை தரவு, அவற்றுக்கு டிக்ஷனரி.

இரண்டும் கலந்து வருவதுதான் நடைமுறை. அப்போது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், விலை, ஊர் என்று உறுதியான பண்புகள் புள்ளியில் இருக்கட்டும். 'மற்றவை' என்ற ஒரே பண்புக்குள் ஒரு டிக்ஷனரி இருக்கட்டும். எதையும் ஏற்கும் ஆப்ஜெக்ட் வேண்டும் என்று தேடி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த ஏற்பாடுதான்.

பெயர் ஒரு வேரியபிளில் இருக்கிறது. புள்ளி போட்டு எப்படி எடுப்பது?

கெட்அட்ர், செட்அட்ர், ஹாஸ்அட்ர், டெல்அட்ர் என்று நான்கு ஃபங்ஷன்கள் உண்டு. கெட்அட்ருக்கு மூன்றாவதாக ஒரு மதிப்பைக் கொடுத்தால், பண்பு இல்லாதபோது எரருக்குப் பதில் அதைத் தரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க 'வார்ஸ்(பொருள்)'. அது தருவது நகல் இல்லை, உள்ளே இருக்கும் அதே டிக்ஷனரி. அதில் கைவைத்தால் பொருளும் மாறும்.

நிரலில் செட்அட்ரும் கெட்அட்ரும் வரிக்கு வரி வரத் தொடங்கினால் முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போங்கள். டிக்ஷனரிக்குப் புள்ளி வேடம் போட்டுவிட்டு, அந்த வேடத்தைக் கலைக்கவே ஃபங்ஷன் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

படிவத்தில் வந்த எல்லாவற்றையும் லூப் போட்டு செட்அட்ரால் ஏற்றிவிடலாமா?

கூடாது. படிவத்தில் நீங்கள் காட்டாத 'நிர்வாகி' என்ற புலத்தை ஒருவர் தானே சேர்த்து அனுப்பினால், அதுவும் பயனர் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். 2012 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நடந்தது இந்த வகைதான். ரூபி மொழியின் வலைக் கட்டமைப்பான ரெயில்ஸில் எழுதப்பட்ட அந்தத் தளத்தில், படிவப் புலங்களை மொத்தமாக ஏற்றும் வசதியைப் பயன்படுத்தி ஒருவர் ரெயில்ஸ் திட்டத்தின் களஞ்சியத்திலேயே எழுதும் உரிமை பெற்றுக் காட்டினார். எந்தெந்தப் பெயர்களை ஏற்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்து, அதில் இருப்பதை மட்டும் ஏற்றுங்கள்.

ஜேசனாக (தளங்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) வரும் தரவைப் புள்ளி போட்டுப் படிக்க வழி உண்டா?

உண்டு. ஜேசன் மாட்யூலின் 'லோட்ஸ்' ஃபங்ஷனுக்கு 'ஆப்ஜெக்ட் ஹுக்' என்ற ஆர்க்யுமென்ட் இருக்கிறது. ஒவ்வொரு ஜேசன் ஆப்ஜெக்டும் டிக்ஷனரியானதும் அதை ஹுக்கிடம் கொடுத்து, ஹுக் திருப்பித் தருவதை வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் டிக்ஷனரியை இரட்டை நட்சத்திரத்தால் பிரித்து சிம்பிள்நேம்ஸ்பேஸுக்கு அனுப்பும் ஒரு வரி லாம்ப்டாவை (பெயரில்லாத குட்டி ஃபங்ஷனை) வைத்தால் போதும். உள்ளிருந்து வெளியே போகும் வரிசையில் நடப்பதால், ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்ட், லிஸ்டுக்குள் ஆப்ஜெக்ட் எல்லாமே மாறிவிடும்.

பொருள்.விற்பவர்.ஊர் என்று நிம்மதியாக எழுதலாம்.

திரும்ப ஜேசனாக்கும்போது, சிம்பிள்நேம்ஸ்பேஸை எப்படி எழுதுவது என்று தெரியாமல் 'டம்ப்ஸ்' டைப் எரர் கொடுக்கும். அதன் 'டீஃபால்ட்' ஆர்க்யுமென்டில் வார்ஸைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கீயில் இடைவெளியோ கோடோ இருந்தால், அல்லது கிளாஸ், ஃப்ரம் போன்ற பைதானின் ஒதுக்கப்பட்ட சொல் கீயாக வந்தால், பண்பு உள்ளே போய்விடும். புள்ளி போட்டு எடுக்கத்தான் முடியாது. கெட்அட்ரைத்தான் நாட வேண்டும்.

டிக்ஷனரியாகவும் இருக்கணும், புள்ளியும் வேலை செய்யணும். டிக்டிலிருந்து ஒரு கிளாஸை வருவித்துவிட்டால்?

பைதான் உலகில் மிகப் பழைய ஆசை இது. 'பஞ்ச்', 'அட்ர்டிக்ட்' என்று பல பெயர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். பைதான் நூலாசிரியர் அலெக்ஸ் மார்டெல்லி பரப்பிய 'பஞ்ச்' என்ற சிறு கிளாஸ்தான் இவற்றில் பலவற்றுக்கு மூத்தது. இயந்திரக் கற்றலுக்கான லைப்ரரியான சைகிட்லேர்னில் மாதிரித் தரவுத் தொகுப்பை ஏற்றினால் வருவதும் 'பஞ்ச்' என்ற வகைதான். அதில் கீயாகவும் எடுக்கலாம், புள்ளி போட்டும் எடுக்கலாம்.

சிக்கல் பெயர் மோதலில் வருகிறது. டிக்ஷனரிக்கு ஏற்கெனவே ஐட்டம்ஸ், கீஸ், கெட், அப்டேட், காப்பி என்று மெத்தட்கள் உண்டு. வாங்கிய பொருட்களின் பட்டியல் வெளியிலிருந்து 'ஐட்டம்ஸ்' என்ற கீயோடு வருகிறது என்று வையுங்கள். ஆங்கிலத்தில் கீ வைக்கும் எந்தத் தளத்திலும் இது வரும். இனி 'பில்.ஐட்டம்ஸ்' என்றால் கிடைப்பது பட்டியலா, மெத்தடா?

நீங்கள் அந்தக் கிளாஸை எப்படி எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது அது. 'டண்டர் கெட்அட்ர்' எழுதியிருந்தால் மெத்தட்தான் வரும். ஏனென்றால் வழக்கமான தேடலில் பெயர் கிடைக்காதபோதுதான் பைதான் அதை அழைக்கிறது; இங்கே மெத்தட் முதலிலேயே கிடைத்துவிட்டது. 'செல்ஃபின் டண்டர் டிக்டே செல்ஃப்தான்' என்று ஒரே வரியில் முடிக்கும் பிரபலமான தந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தால் நேர்மாறு: பட்டியல் வரும். ஆனால் அந்தப் பொருளை வாங்கி 'ஐட்டம்ஸ்()' என்று அழைக்கும் எந்த லைப்ரரியும், லிஸ்டை அழைக்க முடியாது என்ற எரரோடு விழும். சோதனைத் தரவில் அந்தக் கீ இல்லாவிட்டால் இது எதுவுமே தெரியாது. என் கருத்தில் இந்த வகைக் கிளாஸ், முனையத்தில் உட்கார்ந்து தரவை நோண்டிப் பார்க்க நல்லது. பத்துப் பேர் சேர்ந்து எழுதும் நிரலுக்கு ஆகாது.

நானே டண்டர் கெட்அட்ர் எழுதினேன். எல்லாம் ஓடுகிறது, காப்பி செய்தால் மட்டும் ரிகர்ஷன் எரர் வருகிறது.

உங்கள் கிளாஸ் அநேகமாக உள்ளே 'தரவு' என்ற டிக்ஷனரியை வைத்துக்கொண்டு, கேட்கும் பெயரை அதில் தேடுகிறது. காப்பி மாட்யூல் புதிய பொருளை உருவாக்கும்போது 'டண்டர் இனிட்'டை அழைப்பதில்லை. ஆகவே அந்த நொடியில் 'தரவு' இன்னும் பிறக்கவில்லை. காப்பி மாட்யூல் 'டண்டர் செட்ஸ்டேட்' இருக்கிறதா என்று விசாரிக்கும். இல்லை என்பதால் உங்கள் கெட்அட்ர் அழைக்கப்படும். அது செல்ஃபின் தரவைத் தேடும், அதுவும் இல்லாததால் மறுபடி கெட்அட்ர். இப்படியே பாதாளம்வரை. பொருட்களைக் கோப்பில் சேமிக்க உதவும் பிக்கிளிலிருந்து மீட்கும்போதும் இதுவே நடக்கும்.

தீர்வு: 'டண்டர்' என்று தொடங்கும் பெயர்களுக்கும், உங்கள் உள்பண்பின் பெயருக்கும் கெட்அட்ரின் முதல் வரியிலேயே அட்ரிபியூட் எரரை எழுப்பிவிடுங்கள். கூடவே, டிக்ஷனரியில் கிடைக்காதபோது வரும் கீ எரரை அப்படியே வெளியே விடாதீர்கள், அட்ரிபியூட் எரராக மாற்றுங்கள். ஹாஸ்அட்ரும் மதிப்பு கொடுத்த கெட்அட்ரும் எதிர்பார்ப்பது அதை மட்டும்தான்.

எழுத்துப்பிழை வந்தால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்சினை.

பொருள்.விளை = 4000

விலையைக் குறைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பைதான் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் 'விளை' என்ற புதிய பண்பை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பழைய விலை 4500 அப்படியே இருக்கும். இல்லாத பண்பைப் படிக்கும்போது எரர் வரும், பைதான் 3.10 முதல் 'இதைத்தான் சொன்னீர்களா' என்று யூகித்தும் சொல்லும். எழுதும்போது மட்டும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. எதையும் ஏற்கும் பொருள் பிழையையும் ஏற்றுக்கொள்கிறது.

பண்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? இந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் உண்மையிலேயே ஓடுமா?

பைதானின் சொந்தப் பெயர்களை அவற்றின் அசல் எழுத்தில் எழுதினால், ஓடும். பைதான் 3 தொடங்கி யூனிகோட் எழுத்துகளில் பெயர் வைக்கலாம். தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் அதில் அடக்கம்.

ஆனால் தமிழுக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது. 'மொத்தம்' என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நிரலில் நீங்கள் எழுதும் பெயரை பைதான் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிடும். செட்அட்ருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரிங்கையோ ஜேசனிலிருந்து வரும் கீயையோ அப்படிச் செய்யாது. விளைவு: ஜேசனில் 'மொத்தம்' பிரிந்த வடிவில் வந்திருந்தால், பிரிண்ட் செய்யும்போது பண்பு கண்ணுக்குத் தெரியும், 'பில்.மொத்தம்' என்றால் அப்படி ஒன்று இல்லை என்று எரர் வரும். பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒகரத்தைப் போலவே ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே ஆபத்து உண்டு. கீ உள்ளே வரும் வாசலிலேயே 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் நார்மலைஸ் வழியாக அனுப்பிவிடுங்கள்.

'ஸ்ரீ' மட்டும் அதற்கும் அடங்காது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இயல்பாக்கினாலும் அவை ஒன்றாவதில்லை. பண்பின் பெயரில் அந்த எழுத்தைத் தவிர்ப்பதே மேல்.

கிளாஸிலேயே 'படங்கள்' என்று வெற்று லிஸ்ட் வைத்தேன். ஒரு பொருளில் படம் சேர்த்தால் எல்லாப் பொருளிலும் வருகிறது.

அந்த லிஸ்ட் கிளாஸுக்குச் சொந்தம், பொருட்கள் எல்லாம் அந்த ஒன்றையே பார்க்கின்றன. 'பொருள்.படங்கள் = ...' என்று புதிதாக வைத்தால்தான் அந்தப் பொருளுக்கென்று தனிப் பண்பு உருவாகும். 'அப்பெண்ட்' செய்தால் எல்லோருக்கும் பொதுவான லிஸ்டில்தான் சேரும். டண்டர் இனிட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

எப்போது இதையெல்லாம் விட்டுவிட்டு டேட்டாகிளாஸுக்குப் போக வேண்டும்?

அதே பண்புப் பெயர்களை மூன்று ஃபங்ஷன்களில் எழுதிவிட்டீர்கள் என்றால் தாமதமே வேண்டாம். 2018-இல் பைதான் 3.7-இல் டேட்டாகிளாஸ் வந்த பிறகு, கிளாஸ் எழுதுவது பெரிய வேலை என்ற சாக்கு எடுபடாது. பண்பின் பெயரையும் வகையையும் எழுதினால் இனிட், பிரிண்ட் வடிவம், ஒப்பீடு எல்லாம் தானே வரும். எடிட்டர் பெயர்களை எடுத்துக்கொடுக்கும். மைபை போன்ற வகை சரிபார்ப்பான் 'விளை'யை ஓட்டுவதற்கு முன்பே பிடித்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெறும் டேட்டாகிளாஸ் புதிய பண்பு ஒட்டுவதைத் தடுப்பதில்லை, ஓடும்போது 'விளை' அதிலும் போய் ஒட்டிக்கொள்ளும். தடுக்க வேண்டுமென்றால் 'ஸ்லாட்ஸ்=ட்ரூ' கொடுங்கள், இது பைதான் 3.10 முதல் உண்டு. பண்புகளின் பெயர்களை முன்கூட்டியே நிர்ணயித்து, டண்டர் டிக்ட் இல்லாமல் செய்வதுதான் ஸ்லாட்ஸ். பொருளையே மாற்ற முடியாதபடி பூட்ட 'ஃப்ரோசன்=ட்ரூ'. ஸ்லாட்ஸ் உள்ள கிளாஸிலிருந்து ஸ்லாட்ஸ் இல்லாமல் ஒரு கிளாஸை வருவித்தால் டண்டர் டிக்ட் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிடும்.

ஜேசன் டிக்ஷனரியை அப்படியே வைத்துக்கொண்டு கீகளின் பெயர்களை மட்டும் எழுதி வைக்க விரும்பினால் டைப்ட்டிக்ட் போதும். அது சரிபார்ப்பானுக்கான குறிப்பு மட்டுமே. ஓடும்போது அது சாதாரண டிக்ஷனரி.

லட்சக்கணக்கில் பொருட்கள் வந்தால் மெமரி?

பைதான் 3.3 முதல், ஒரே கிளாஸின் பொருட்கள் பண்புப் பெயர்களின் அட்டவணையைப் பகிர்ந்துகொள்ளும். மதிப்புகள் மட்டும் தனித்தனி. எல்லாப் பொருளுக்கும் ஒரே பண்புகளை இனிட்டிலேயே வைத்தால் இந்தச் சேமிப்பு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பண்பை ஒட்டினால் பகிர்வு போய்விடும். சிம்பிள்நேம்ஸ்பேஸ் ஒவ்வொன்றும் தனி டிக்ஷனரியையே சுமக்கிறது. அளவு பெரிதானால் ஸ்லாட்ஸ்தான் சிக்கனம். ஆயிரம் பொருட்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

மற்ற மொழிகளில் இது எப்படி?

லுவாவில் 'டி.பெயர்' என்பது டேபிளில் அந்தக் கீயைத் தேடுவதற்கான சுருக்க எழுத்து, அவ்வளவே. இரண்டுக்கும் இடையே சண்டையே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் எல்லா ஆப்ஜெக்டும் திறந்த வீடு. ஆனால் 'கன்ஸ்ட்ரக்டர்' போன்ற பெயர்கள் பரம்பரைச் சொத்தாகவே உள்ளே இருக்கும் என்பதால், தரவிலிருந்து வரும் கீகளுக்கு 2015-இல் வந்த 'மேப்' பாதுகாப்பானது. சி ஷார்ப்பில் எக்ஸ்பாண்டோஆப்ஜெக்ட் 2010 முதல் உண்டு. ரூபியில் ஓப்பன்ஸ்ட்ரக்ட் உண்டு, அதன் ஆவணமே வேகத்தையும் பெயர் மோதலையும் சொல்லி எச்சரிக்கிறது.

பிஎச்பியின் கதைதான் சுவாரசியம். நினைத்த பண்பை ஒட்டும் பழக்கத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த அந்த மொழி, 2022 டிசம்பரில் வந்த 8.2 பதிப்பில் சாதாரணக் கிளாஸ்களில் அப்படி ஒட்டுவதைக் கைவிடப்படும் வசதி என்று அறிவித்தது. 'எஸ்டிடிகிளாஸ்' மட்டும் விதிவிலக்கு, வேறு கிளாஸுக்கு வேண்டுமென்றால் மேலே வெளிப்படையாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். காரணமாகச் சொன்னதில் முதன்மையானது எழுத்துப்பிழை.

தரவை அலச உதவும் பாண்டாஸ் லைப்ரரியில் டேட்டாஃப்ரேம் என்ற அட்டவணைக்குப் புள்ளி போட்டுப் புதிய காலம் (நெடுவரிசை) சேர்த்தேன், காணவில்லை.

இருக்கும் காலத்தைப் புள்ளி போட்டுப் படிக்கலாம். இல்லாத பெயருக்கு மதிப்பு வைத்தால் காலம் உருவாகாது, அந்தப் பைதான் பொருளில் ஒரு பண்பு ஒட்டிக்கொள்ளும். லிஸ்டை வைத்தால் ஓர் எச்சரிக்கை வரும். ஒற்றை எண்ணை வைத்தால் அதுவும் வராது. புதிய காலத்துக்கு எப்போதும் சதுர அடைப்புதான்.